சைனா மேப்ல மேற்குப் பக்கம் பூரா காலியா இருக்கே, ஏன்?

திருப்பூர்_மணி:

எல்லாருக்கும் வணக்கங்க. நான் பனியன் தொழில்ல இருக்கேன், மெஷின் ஸ்பேர், ஜிப்பு, பட்டன் இதெல்லாம் பாக்கறதுக்கு குவாங்ஜோ, யிவூ பக்கம் அப்பப்ப போய்ட்டு வருவேன். போற எடமெல்லாம் ஒரே கூட்டம், ஒரு ஊர் முடியறதுக்குள்ள அடுத்த ஊர் வந்துருது, ட்ரெயின்ல மணிக்கணக்கா போனாலும் ஜன்னலுக்கு வெளிய ஃபேக்டரி, வீடு, வயல், திரும்ப ஃபேக்டரி. ஆனா ராத்திரி நேரத்து சேட்டிலைட் படம் ஒன்னு பாத்தேன், கிழக்குப் பாதி மட்டும் வெளிச்சமா இருக்கு, மேற்குப் பாதி இருட்டு, அங்கங்க ஒரு புள்ளி தெரியுது அவ்ளோதான்.

அந்த நாடு 96 லட்சம் சதுர கிலோமீட்டர், நம்ம நாட்டை விட மூணு மடங்கு கிட்ட வருது, ஜனத்தொகை கிட்டத்தட்ட நம்ம அளவுதான். அப்ப எடம் தாராளமா இருக்கணுமில்லைங்களா? ஏன் எல்லாரும் ஒரு பக்கமாவே நெருக்கிட்டு இருக்காங்க? துறைமுகம் இருக்கறதாலயா, இல்ல மேற்கே நெலமே அப்படித்தானா? அங்க சப்ளையர் ஒருத்தர்ட்ட கேட்டேன், மலை, மணல், குளிர்னு மூணு வார்த்தைல முடிச்சுட்டார். இன்னொன்னு, பையன் பத்தாவது படிக்கறான், மஞ்சள் ஆறு ஏன் அடிக்கடி தடம் மாறி ஊரையே அழிச்சுதுன்னு கேட்டான், எனக்கு சொல்லத் தெரியல. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, நீளமா இருந்தாலும் பரவால்ல, பொறுமையா படிச்சுக்கறேன்.

பூகோள_வாத்தியார்:

மணி, துறைமுகமும் ஒரு காரணம்தான், ஆனா துறைமுக வியாபாரம் பெருசாகறதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே அங்க ஜனங்க கிழக்குலதான் இருந்தாங்க. 1935ல ஹு ஹுவான்யோங்னு ஒரு சீனப் புவியியல் அறிஞர் மேப்ல ஒரு கோடு போட்டார். வடகிழக்குல ரஷ்யா எல்லையில இருக்கற ஹெய்ஹே, தென்மேற்குல பர்மா எல்லை பக்கம் இருக்கற தெங்சோங், இந்த ரெண்டு ஊரையும் நேரா சேத்தார். கோட்டுக்குத் தென்கிழக்கே 36 சதவீத நெலம், அதுல 96 சதவீத ஜனம். வடமேற்கே 64 சதவீத நெலம், அதுல வெறும் 4 சதவீதம். அதுக்கப்புறம் யுத்தம், புரட்சி, எல்லை மாற்றம், கோடிக்கணக்குல ஜனங்க எடம் பேந்ததுன்னு என்னென்னமோ நடந்துருச்சு, ஆனா இன்னிக்கும் கிழக்குப் பக்கத்துலதான் 94 சதவீதம் கிட்ட இருக்காங்க. நீங்க பாத்த சேட்டிலைட் படத்துல வெளிச்சம் நிக்கற எடம் ஏறக்குறைய அந்தக் கோடுதான்.

இப்ப நெலத்துக்கு வருவோம். சைனாவை மேற்கேர்ந்து கிழக்கே எறங்கற மூணு படியா நெனச்சுக்கோங்க, அங்க பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் சொல்லித் தர்றாங்க. மேல் படி திபெத் பீடபூமி, ஏறத்தாழ 25 லட்சம் சதுர கிமீ, சராசரி ஒசரமே 4000 மீட்டருக்கு மேல. தென்னிந்தியாவுலயே ஒசந்த சிகரமான ஆனைமுடி 2695 மீட்டர்தான், அதை விட ஒன்றரை மடங்கு ஒசரத்துல தரையே இருக்குன்னா யோசிச்சுப் பாருங்க. குன்லுன், சிலியான், ஹெங்துவான் மலைகளைத் தாண்டி எறங்குனா நடுப்படி, பெரும்பாலும் 1000லேர்ந்து 2000 மீட்டர். உள் மங்கோலியா, மஞ்சள் மண் மேட்டு நெலம், யுன்னான் குய்ஜோ பீடபூமி எல்லாம் அதுல வரும், ஊடால தாரிம், சுங்கார், சிச்சுவான்னு பெரிய பெரிய பள்ளங்களும் உண்டு. தைஹாங் மலை, வூஷான் மலை வரிசையைத் தாண்டுனா கீழ்ப்படி, முக்காவாசி 500 மீட்டருக்கும் கீழ. மஞ்சூரியா சமவெளி, வடசீனச் சமவெளி, யாங்சி ஆத்தோட கீழ்ப்பகுதி எல்லாம் அங்கதான். நீங்க போற ரெண்டு ஊருமே கீழ்ப்படிதான் மணி, அதனால மத்த ரெண்டு படியும் உங்க கண்ணுல படவே இல்ல.

இந்தப் படியை உண்டாக்குனது நம்ம நெலம்தான். இந்தியக் கண்டத்தட்டு ஒரு 5 கோடி வருஷம் முன்னாடி ஆசியாவுல மோதுச்சு, நடுவுல இருந்த டெத்திஸ் கடல் காணாமப் போச்சு. மோதுனதோட நிக்கல, இன்னும் வடக்கே நகந்துட்டேதான் இருக்கு. திபெத்துக்கு அடியில பூமியோட மேல் ஓடு 70 கிமீ வரைக்கும் தடிமன், சாதாரணமா கண்டங்களுக்கு இருக்கறதைப் போல ரெண்டு மடங்கு. அந்தத் தடிமன்தான் அவ்ளோ பெரிய நெலத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கு.

அப்புறம் மழை. தெற்கேர்ந்து வர்ற ஈரக்காத்தை இமயமலையும் திபெத்தும் சேந்து தடுத்துருது. பசிபிக் பக்கத்துலேர்ந்து வர்ற கோடைப் பருவக்காத்து உள்ள போகப் போக வறண்டுருது. வருஷத்துக்கு 400 மிமீ மழை பெய்யற எல்லையை மேப்ல வரைஞ்சா அது ஹு ஹுவான்யோங் போட்ட கோட்டை ஒட்டியேதான் போகும். அதுக்கு மேற்கே வானத்தை நம்பி வெவசாயம் பண்ண முடியாது, ஆடு மேய்க்கலாம், இல்ல பனி உருகி வர்ற தண்ணி இருக்கற எடத்துல மட்டும் பயிர் வைக்கலாம். ஆயிரக்கணக்கான வருஷமா சோறு எங்க வெளையுதோ அங்க ஜனம் பெருகுச்சு, மணி.

லான்ஜோ_டாக்டர்:

வாத்தியார் சார் சொன்ன நடுப்படியில நான் அஞ்சாறு வருஷம் இருந்திருக்கேன், லான்ஜோலதான் மெடிசின் படிச்சேன். நம்ம ஊர்ப் பசங்க நெறைய பேர் சைனாவுல மெடிசின் படிக்கறாங்க, ஆனா இந்தப் பக்கம் வந்தவங்க கம்மி. மணி அண்ணா, உங்க பையன் கேட்டதுக்கு என்னால பதில் சொல்ல முடியும், ஏன்னா மஞ்சள் ஆறு அந்த ஊருக்கு நடுவுலதான் போகுது.

லான்ஜோ ரெண்டு பக்கமும் மலைக்கு நடுவுல ஒடுங்கி நீளமா இருக்கற ஊர், அந்த மலைங்க முக்காவாசி பாறை கெடையாது, மண்ணு. காத்து அடிச்சுட்டு வந்து சேத்த மண்ணு. நம்ம புஸ்தகத்துல காற்றடி வண்டல்னு இருக்குமே அதுதான். கோபி பாலைவனம், அதைச் சுத்தி இருக்கற வறண்ட நெலம், அங்கேர்ந்தெல்லாம் குளிர்காலக் காத்து மாவு போல நைஸான தூசியைத் தூக்கிட்டு வந்து 25 லட்சம் வருஷத்துக்கும் மேல கொட்டிக்கிட்டே இருந்திருக்கு. நெறைய எடத்துல 100, 200 மீட்டர் ஆழம் வரைக்கும் வெறும் மண்ணுதான், லான்ஜோ பக்கத்துல 300 மீட்டரையும் தாண்டுது. பரப்பு 6 லட்சம் சதுர கிமீக்கு மேல, அதாவது தமிழ்நாட்டைப் போல நாலஞ்சு மடங்கு. இந்த மண்ணை வெட்டுனா செங்குத்தா அப்படியே நிக்கும், சரியாது, அதனால ஜனங்க மண்மேட்டைக் குடைஞ்சு உள்ளயே வீடு கட்டி வாழ்ந்தாங்க, இப்பவும் அந்த வீடுங்க இருக்கு. கோடையில குளுகுளுன்னும் குளிர்ல கதகதப்பாவும் இருக்கும். ஆனா நெலநடுக்கம் வந்தா தப்பிக்க வழி கெடையாது. 1556ல ஷான்ஷி மாகாணத்துல வந்த நெலநடுக்கத்துல 8 லட்சத்து 30 ஆயிரம் பேர் செத்தாங்கன்னு பதிவு இருக்கு, மனுஷன் எழுதி வச்ச வரலாத்துலயே ஒரு நெலநடுக்கத்துல இவ்ளோ பேர் செத்தது வேற எங்கயும் இல்ல, அதுல பெரும்பகுதி இந்த மண்குகை வீடு இடிஞ்சுதான்.

இந்த மண்ணு காஞ்சிருந்தா கெட்டி, தண்ணி பட்டா கரைஞ்சு ஓடிரும். கோடையில ஒரே நாள்ல கொட்டற மழை மேட்டு நெலத்தை அரிச்சு பள்ளம் பள்ளமா அறுத்துரும், அந்த மண்ணு பூரா ஆத்துக்குள்ள போகுது. ஒரு காலத்துல வருஷத்துக்கு 160 கோடி டன் மண்ணு மஞ்சள் ஆத்துல போச்சுன்னு கணக்கு. மலைக்குள்ள இருக்கற வரைக்கும் ஆறு வேகமா ஓடறதால மண்ணையும் இழுத்துட்டுப் போயிரும், ஆனா கீழ்ப்படிக்கு, அந்தத் தட்டையான சமவெளிக்கு வந்ததும் வேகம் போயிருது, மண்ணு அடியில படியுது. படியப் படிய ஆத்தோட தரை ஒசருது, ஊருக்குள்ள வெள்ளம் வராம இருக்க கரையை ஒசத்தறாங்க, திரும்ப மண்ணு படியுது, திரும்ப கரையை ஒசத்தறாங்க, இப்படியே ரெண்டாயிரம் வருஷமா நடந்துட்டு இருக்கு. அதனால இன்னிக்கு காய்ஃபெங் ஊர்கிட்ட ஆத்தோட தரை ஊர்த் தரையை விட பல மீட்டர் மேல இருக்கு, அங்க ஆத்தைப் பாக்கணும்னா கரை மேல ஏறிப் போய்தான் பாக்கணும். அப்படி இருக்கற ஆறு ஒரு எடத்துல ஒடைச்சா திரும்ப பழைய தடத்துக்கு ஏறி வர முடியாது, பள்ளம் பாத்து புதுசா ஓடிரும். 1855 வரைக்கும் பல நூறு வருஷமா ஷான்டோங் மலைக்குத் தெற்கே போய் கடல்ல கலந்துட்டு இருந்துச்சு, அந்த வருஷம் ஒடைச்சுட்டு வடக்கே திரும்பி போஹாய் கடல்ல போய்ச் சேந்துச்சு. பழைய வாய்க்கும் புது வாய்க்கும் நடுவுல பல நூறு கிலோமீட்டர் தூரம். 1938ல ஜப்பான் படையைத் தடுக்கணும்னு சைனா ராணுவமே ஹுவாயுவான்கோவ்ங்கற எடத்துல கரையை ஒடைச்சு விட்டுது, லட்சக்கணக்குல சொந்த ஜனங்களே செத்தாங்க, ஆறு பழைய தடத்துக்குத் திரும்ப 1947 ஆச்சு.

இப்ப நெலமை மாறிடுச்சு அண்ணா. 1999லேர்ந்து சரிவான நெலத்துல உழுவறதை விட்டுட்டு மரம், புல்லு வைக்கறவங்களுக்கு அரசாங்கம் தானியமும் காசும் கொடுத்துச்சு, மேட்டு நெலத்துல படிப்படியா வரப்பு கட்டுனாங்க, மேல அணைங்களும் வந்துருச்சு. பழைய 160 கோடி டன்னுல இப்ப கால்வாசி கூட கீழ வர்றதில்ல. சியாவ்லாங்டி அணையில தண்ணியை மொத்தமா தொறந்து விட்டு அடியில இருக்கற மண்ணைக் கடலுக்குத் தள்ளற வேலையும் செய்யறாங்க.

பாறை_பிரபு:

ரெண்டு பேரும் அருமையா எழுதியிருக்கீங்க, ஆனா சார் சொன்னதுல ஒரு எடத்துல எனக்கு ஒத்துக்க முடியல. மழை இருக்கற எடத்துல ஜனம் செழிக்கும்னு சொன்னா குய்ஜோ மாகாணத்தை என்ன பண்றது? அது கோட்டுக்குக் கிழக்கேதான் இருக்கு, வருஷத்துக்கு 1000 மிமீக்கு மேல மழை, ஆனாலும் ரொம்ப காலமா நாட்டுலயே ஏழை மாகாணங்கள்ல ஒன்னு. "மூணு நாள் சேந்தாப்புல வெயில் கெடையாது, மூணு காதம் சேந்தாப்புல சமதரை கெடையாது, மூணு காசு சேந்தாப்புல கையில கெடையாது"ன்னு அந்த ஊரைப் பத்தி அங்க ஒரு பழமொழியே உண்டு. காரணம் பாறை. தரைக்கு அடியில சுண்ணாம்புப்பாறை, மழைத் தண்ணியில இருக்கற லேசான அமிலம் அதைக் கரைச்சு பொந்து பொந்தா ஆக்கி வச்சிருக்கு. பெய்யற மழை பூரா அந்தப் பொந்து வழியா பாதாளத்துக்குப் போயிருது, ஆறே பூமிக்கு அடியில ஓடுது, மேல வயலுக்குத் தண்ணி இல்ல. மண்ணும் ரெண்டடி ஆழம் கூட தேறாத எடங்கள் ஏராளம். அதனால மழையோட அளவு மட்டும் பாத்தா போதாது, அந்தத் தண்ணியைப் பிடிச்சு வைக்கற தரை இருக்கணும்.

அதே சுண்ணாம்புப்பாறைதான் குய்ஜோவுக்குத் தென்கிழக்கே இருக்கற குய்லின்ல லி ஆத்தங்கரையில தனித்தனியா நெட்டுக்குத்தா நிக்கற குன்றுகளா ஆகியிருக்கு. மணி, உங்க கையில 20 யுவான் நோட்டு இருந்தா பின்பக்கம் பாருங்க, அந்த எடம்தான். குய்ஜோல அப்படிக் கரைஞ்சு உண்டான வட்டப் பள்ளம் ஒன்னுலதான் 500 மீட்டர் அகலத்துக்கு ரேடியோ டெலஸ்கோப் கட்டியிருக்காங்க, 2016ல வேலை முடிஞ்சுது. அவ்ளோ பெரிய பள்ளத்தை மனுஷன் தோண்டணும்னா என்ன செலவாகும், இயற்கையே தோண்டி வச்சிருந்துச்சு, மழைத் தண்ணியும் தானா வடிஞ்சுரும்.

அப்புறம் நான் ரொம்ப ரசிக்கற எடம் ஒன்னு இருக்கு, அதைச் சொல்லாம போக மனசு வரல. மேல் படியோட தென்கிழக்கு மூலையில, யுன்னான்ல, மூணு பெரிய ஆறு பக்கத்துப் பக்கத்துல வடக்கேர்ந்து தெற்கே எறங்குது. சால்வீன், மேகாங், யாங்சி. நம்ம தட்டு தள்ளுன தள்ளுல மலை வரிசைங்க அங்க நெருக்கி மடங்கிப் போனதால ஆறுங்களுக்கும் வேற வழி இல்ல. சால்வீனுக்கும் மேகாங்குக்கும் நடுவுல சில எடத்துல 20 கிமீ கூட இல்ல, ஆனா நடுவுல பனிமலை. இதுல சால்வீன் பர்மா வழியா அந்தமான் கடலுக்குப் போகுது, மேகாங் வியட்நாம்ல கடல் சேருது, யாங்சி மட்டும் ஷிகூங்கற ஊர்ல சட்டுனு வடகிழக்கே திரும்பி ஷாங்ஹாய் வரைக்கும் போய் 6300 கிமீ ஓடுது. திரும்புன கையோட புலிப்பாய்ச்சல் பள்ளத்தாக்குல நுழையுது, ஆத்துலேர்ந்து மேல சிகரம் வரைக்கும் மூவாயிரத்தி ஐநூறு மீட்டருக்கு மேல ஒசரம். 2003ல இந்த மூணு ஆத்துப் பகுதியை யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. அந்த ஒரு திருப்பம் இல்லன்னா யாங்சி தண்ணியும் தெற்கேதான் போயிருக்கும், நடு சைனாவோட நெல்லு வயலுக்கு இவ்ளோ பெரிய ஆறு கெடைச்சிருக்காது.

பூகோள_வாத்தியார்:

பிரபு, குய்ஜோ பத்தி நீங்க சொன்னது சரியான பாயிண்ட், ஏத்துக்கறேன், மழையோட தரையையும் சேத்துத்தான் பாக்கணும். அதுக்கு நேர் எதிரா சிச்சுவானைப் பாருங்க. அதுவும் நடுப்படிதான், கடல்லேர்ந்து ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் உள்ள, நாலு பக்கமும் மலை, ஆனா அந்த மாகாணத்துல மட்டும் 8 கோடிக்கு மேல ஜனம். பள்ளத்துக்குள்ள இருக்கறதால வடக்கேர்ந்து வர்ற குளிர்காத்தை சின்லிங் மலை தடுத்துருது, மலையிலேர்ந்து எறங்கற மின்ங்கற ஆறு நல்ல வண்டலைக் கொட்டியிருக்கு. கிமு 256 வாக்குல லி பிங்ங்கற அதிகாரி துஜியாங்யான்ல அணை கட்டாமயே ஆத்தை ரெண்டாப் பிரிச்சு செங்டு சமவெளிக்குத் திருப்பி விட்டார், அந்தப் பாசனம் இன்னிக்கும் ஓடுது. கல்லணையைப் பாத்த நமக்கு இதோட அருமை நல்லாவே புரியும்.

ஆனா அந்தச் சமவெளிக்கு மேற்கேதான் மேல் படியோட ஓரம். 500 மீட்டர்ல இருக்கற செங்டுலேர்ந்து கொஞ்ச தூரத்துலயே லோங்மென் மலை 4000 மீட்டருக்கு மேல எகிறுது, திபெத் ஓரத்துலயே ரொம்ப செங்குத்தான எடங்கள்ல அது ஒன்னு. 2008 மே 12ல அந்த ஓரத்துல இருக்கற பிளவு நகந்துதான் வென்சுவான் நெலநடுக்கம், அளவு 7.9, செத்தவங்க 69 ஆயிரத்துக்கு மேல, காணாமப் போனவங்க 18 ஆயிரம் கிட்ட. மலைச்சரிவு ஊருங்களை அப்படியே மூடிருச்சு. பள்ளிக்கூடம் இடிஞ்சு செத்த பிள்ளைங்களை நெனச்சா இன்னிக்கும் அந்தப் பாடம் எடுக்கறப்ப எனக்குத் தொண்டை அடைக்கும்.

திருப்பூர்_மணி:

ரொம்ப நன்றிங்க சார், நன்றி பிரபு, டாக்டரம்மா உங்களுக்கும். ராத்திரி பையனை உக்கார வச்சு படிச்சுக் காட்டுனேன், ஆத்துத் தரை ஊரை விட ஒசரத்துல இருக்குன்னதும் அவனுக்கு ஆச்சரியம் தாங்கல. ஒரு சந்தேகம், கோட்டுக்கு மேற்கே அங்கங்க வெளிச்சப் புள்ளி தெரியுதே அது என்ன ஊருங்க? அப்புறம், அடுத்த வாட்டி போறப்ப ரெண்டு நாள் சேத்து எடுத்து நடுப்படியாவது பாத்துட்டு வரலாம்னு இருக்கேன், குவாங்ஜோலேர்ந்து எப்படிப் போறது?

லான்ஜோ_டாக்டர்:

அந்தப் புள்ளிங்க பெரும்பாலும் பனி உருகற தண்ணியை நம்பி இருக்கற ஊருங்க அண்ணா. லான்ஜோலேர்ந்து வடமேற்கே ஹெஷி நடைபாதைன்னு ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஒடுக்கமான நெலம் போகும், தெற்கே சிலியான் பனிமலை, வடக்கே பாலைவனம். மலையிலேர்ந்து ஓடை எறங்கற எடத்துல மட்டும் ஊர், வூவெய், ஜாங்யே, ஜியூச்சுவான், துன்ஹுவாங்னு வரிசையா. பட்டுப்பாதை வியாபாரிங்க ஒட்டகத்தோட இந்த வழியாத்தான் போனாங்க, ஏன்னா தண்ணி கெடைச்ச முக்கியமான வழி அதுதான். நான் அந்த ட்ரெயின்ல போயிருக்கேன், ஒரு ஜன்னல்ல பனி, எதிர் ஜன்னல்ல மணல், ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்கலாம். அதையும் தாண்டுனா துர்பான், அங்க ஐடிங் ஏரி கடல் மட்டத்துக்கு 154 மீட்டர் கீழ, ஆனா வடக்கே பாத்தா 5445 மீட்டர் போக்டா சிகரம் தெரியும். மலையடிவாரத்துலேர்ந்து பூமிக்கு அடியில கால்வாய் வெட்டித் தண்ணியைக் கொண்டு வந்து திராட்சை போடறாங்க, மேல வாய்க்கால் விட்டா வெயில்ல ஆவியாயிரும். இன்னும் மேற்கே தக்லமகான் பாலைவனம், 3 லட்சம் சதுர கிமீக்கு மேல, அதைச் சுத்தி ஓரமாத்தான் காஷ்கர், ஹோதான் ஊருங்க. தாரிம் ஆறு அந்த மணலுக்குள்ளயே முடிஞ்சுரும், கடலைப் பாக்கறதே இல்ல. காஷ்கர்ல அரசாங்கக் கடிகாரம் பெய்ஜிங் நேரத்தைத்தான் காட்டும், அதனால குளிர்காலத்துல சூரியன் உதிக்கவே பத்து மணி ஆயிரும்.

உங்களுக்கு இருக்கற நேரத்துக்கு அதெல்லாம் முடியாது அண்ணா. குவாங்ஜோலேர்ந்து குய்ஜோ தலைநகர் குய்யாங் போற ஹை ஸ்பீடு ட்ரெயின் பிடிங்க, 2014லேர்ந்து ஓடுது, நாலஞ்சு மணி நேரம் ஆகும், பாதி தூரம் சுரங்கம்தான். சுரங்கம் விட்டு வெளிய வர்றப்பெல்லாம் பிரபு சொன்ன சுண்ணாம்புக் குன்றுங்க தெரியும். யாங்சுவோ ஸ்டேஷன்ல எறங்கி ஒரு ராத்திரி தங்குனீங்கன்னா லி ஆத்துல படகுலயும் போயிரலாம், அடுத்த நாள் குய்யாங், அங்கேர்ந்து செங்டு ட்ரெயின் மூணு நாலு மணி நேரம். ஏப்ரல், மே மாசம் மழை இருக்கும், ஆனா ஆத்துல தண்ணி நல்லா இருக்கும். குளிர்காலத்துல தண்ணி கம்மி, சில படகு பாதி தூரம்தான் போகும்.

பாறை_பிரபு:

மேல் படியையும் பாக்கணும்னு ஆசை வந்தா சினிங் ஊர்லேர்ந்து லாசா ட்ரெயின் இருக்கு மணி, தங்குலா கணவாய்ல 5072 மீட்டர் ஒசரத்துல போகுது, 2006ல தொறந்தாங்க. வருஷம் பூரா உறைஞ்சே கெடக்கற மண்ணு மேல பல நூறு கிமீ தண்டவாளம் போட்டிருக்காங்க, அந்த மண்ணு உருகி எளகிடாம இருக்க நெறைய எடத்துல பாலம் கட்டி மேலயே கொண்டு போயிருக்காங்க. ஆனா வெளிநாட்டுக்காரங்களுக்கு சைனா விசா மட்டும் போதாது, திபெத்துக்குத் தனி பெர்மிட் வேணும், அதையும் டூர் ஏஜென்சி மூலமாத்தான் எடுக்க முடியும், அதனால டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அதை முடிச்சுருங்க. சினிங்ல ரெண்டு நாள் தங்கி ஒசரத்துக்கு ஒடம்பைப் பழக்கிட்டு ஏறுங்க, பையனையும் கூட்டிட்டுப் போறதா இருந்தா டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.